கச்சான். பிந்தும்.

நிஸ்தாரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நேரடியாக அப்படிக் கேட்கவில்லை. கேட்டவர் நுஸ்ரா, ஆலையில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவர். "சேர், நம்மட விநியோகப் பிரிவு எப்பிடித் தரவுக்கு மாறினது, ஐஸும் டீசலும் எப்பிடி மிச்சமானது எண்டு புதுசா வாற ஆக்களுக்கு வாசிக்கக் குடுக்கோணும். உங்கட அனுபவத்த எழுதுங்கோ," என்றார். நான் சம்மதித்த பிறகு, தொலைபேசியை வைக்கும் முன் ஒரு வாக்கியம் சேர்த்தார். "நிஸ்தார் சேரப் பத்திக் கொஞ்சம் கூடுதலா வந்தா நல்லம்."

கூடுதலாகவே வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நிஸ்தார் மீது பொறாமை. ஓய்வுபெற்றவன் என்பதால் "பொறாமை இருந்தது" என்று இறந்தகாலத்தில் எழுதலாம். இலக்கணம் சரியாக இருக்கும், தகவல் பிழையாகிவிடும்.

எங்கள் ஆலை நண்டு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது. களப்பிலும் கரைக்கடலிலும் விடியற்காலையில் வலையிலிருந்து கழற்றும் நண்டு, கரையோரச் சேகரிப்பு நிலையங்களில் தரம் பிரிக்கப்பட்டு, ஐஸில் அடுக்கப்பட்டு, கரைத்தீவு போன்ற இடங்களிலிருந்து லொறியிலும், உச்சமுனை போன்ற தீவுகளிலிருந்து படகிலும் வந்து சேரும். இறைச்சி எடுத்துப் பொதி செய்தபின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும். வலையிலிருந்து விமானம் வரை அதன் வெப்பநிலை நான்கு பாகையைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் என் தொழில்வாழ்க்கை அடங்கிவிடும். மிச்சமெல்லாம், அந்த நான்கு ஏன் ஐந்தாயிற்று என்று விளக்கம் எழுதியதுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நானும் நிஸ்தாரும் ஒரே கிழமையில் சேர்ந்தோம். நான் கற்பிட்டிக்காரன், மீன் வியாபாரியின் மகன், வெளிவாரியாக வணிகத்தில் பட்டம் எடுத்தவன். அவர் அக்குறணைக்காரர். உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். கடலைக் கிட்டத்தில் பார்த்தது வேலைக்கு வந்த அன்றுதான். என்னை அனுப்புகைப் பிரிவில் போட்டார்கள், அவரைக் களஞ்சியத்தில். அப்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது.

எங்கள் இருவரையும் பழக்கியவர் ஆலை முகாமையாளர் குணசேகர. சிங்களவர், தமிழை மீனவர்களிடம் கற்றவர். ஓய்வு வயது தாண்டியும் உரிமையாளர்கள் அவரை விடவில்லை. லொறி வந்து நின்றதும் முதலில் புறங்கையை ஒரு நண்டின் ஓட்டில் வைப்பார். பிறகுதான் வெப்பமானியைக் கேட்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வெப்பமானி சொன்னதைப் பதியச் சொல்வார், கை சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வார்.

அவர் யாரையும் ஏசியதில்லை. அவருடைய முறை வேறு. பிழை நடந்தால் இரண்டு பேரைக் கூப்பிடுவார், பிழை விட்டவரையும் விடாதவரையும். கேள்வியைப் பிழை விடாதவரிடம் கேட்பார். ஒருமுறை குளிரூட்டி லொறியின் கதவை என் ஆட்கள் ஏற்றி முடியும் வரை திறந்தே வைத்துவிட்டார்கள். குணசேகர என்னையும் நிஸ்தாரையும் அறைக்குள் அழைத்தார். "மிஸ்டர் நிஸ்தார், லொறி ஏத்தக்க கதவு எப்பிடி இருக்கோணும்?" என்று கேட்டார். நிஸ்தார் சொன்னார், பாதிக் கதவு, பிளாஸ்டிக் திரை, ஒவ்வொரு பெட்டிக்கும் திரையை விலக்கி மூடுவது, எல்லாம் சரியாக. அவர் சொல்லி முடிக்கும்வரை குணசேகரவின் கண் என் மேலேயே இருந்தது. பிறகு, "நல்லது, போங்க ரெண்டு பேரும்," என்றார். ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். நிஸ்தார் பதில் சொல்ல நான் பார்க்கப்பட்டதை எப்படி மறப்பது?

அதன் பிறகு செயன்முறைகளை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நானே எழுதினேன். ஆலையின் செயன்முறைக் கையேட்டில் போக்குவரத்து, தடுத்துவைத்தல், மீளாய்வு, விடுவித்தல் ஆகிய அதிகாரங்கள் முழுக்க என் எழுத்து. எந்தப் பந்தியில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

முதலில் பெட்டிக் கதை. அந்தக் காலத்தில் நண்டு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில்தான் வரும். ஒரு தரம் பாவித்ததும் மூலை உடையும். உடைந்த துண்டுகள் களப்பில் மிதந்து கண்டல் வேர்களுக்குள் போய் அடையும். திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய, வெப்பம் உட்புகாத பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறவேண்டும் என்று நான் குணசேகரவுக்கு ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தேன். தலைப்பு, உபதலைப்பு, பின்னிணைப்பு எல்லாம் இருந்தது. அவர் வாசித்துவிட்டு, "நல்ல தமிழ், மிஸ்டர் லத்தீப்," என்றார். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து நிஸ்தார் எங்கிருந்தோ இரண்டு வெப்பப் பதிவுக் கருவிகளை இரவல் வாங்கிவந்தார். விரல் நீளக் கருவி, பெட்டிக்குள் போட்டால் வழி முழுக்க வெப்பநிலையைத் தானே குறித்துக்கொண்டுவரும். ஒன்றை ரெஜிபோம் பெட்டியிலும் மற்றதைப் பிளாஸ்டிக் பெட்டியிலும் போட்டு ஒரே லொறியில் அனுப்பினார். வந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து குணசேகரவின் மேசையில் வைத்தார். ஒரு கோடு மலை ஏறியது, மற்றது படுத்திருந்தது. தேநீர் ஆறுவதற்குள் பெட்டி வாங்க அனுமதி கிடைத்தது.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "லத்தீப், இது ஓங்கட யோசனதானே. நான் அவருக்குச் செல்லித்தான் ஈக்கிறேன்."

உண்மையில் சொல்லியிருந்தார். கொழும்புத் தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் என் பெயர் அடிக்குறிப்பாக வந்தது. அந்த ஆலையில் அடிக்குறிப்பு வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். சூழல் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைத்தபோது படத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிஸ்தார். சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அதன்பின் அவரைத் தடுக்க முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர், புத்தளத்தில் பின்னேர வகுப்புக்குப் போய்த் தரவுப் பகுப்பாய்வு படித்தார், தன் மகளின் வயதுப் பிள்ளைகளோடு. என்னையும் கூப்பிட்டார். பட்டதாரிக்கு எதற்கு வகுப்பு என்று நான் போகவில்லை. அவர் லொறிகளுக்கும் படகுகளுக்கும் இடங்காட்டும் கருவி பூட்டினார். ஐஸ் கொண்டுபோய்ப் போட்ட லொறிகள் வெறுமையாகத் திரும்பி, நண்டு ஏற்ற வேறு லொறிகள் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன. தினமும் நுரைச்சோலை வீதியில் அவை ஒன்றுக்கொன்று விளக்கடித்து வணக்கம் சொல்வதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்தான் ஐஸ் கொண்டுபோகும் லொறியே நண்டோடு திரும்பும்படி நேரத்தை மாற்றினார். டீசல் குறைந்தது, ஐஸ் கரைவது குறைந்தது. கொழும்பு அவருக்கு ஒரு பிரிவையே கொடுத்தது. தரவுப் பிரிவு. கண்ணாடிக் கதவு, என் அறைக்கு நேரெதிரே.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு, அவர் கடைசியாகக் கொண்டுவந்தது குரல் செய்தி. முன்பெல்லாம் படகோ லொறியோ பிந்தினால் ஓட்டி எனக்குத் தொலைபேசி எடுப்பார். புதிய முறையில் ஓட்டி போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். கணினி அதைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்துக்கும் மாற்றி, நிஸ்தாரின் பிரிவுக்கும் கொழும்புக்கும் அனுப்பிவிடும். எனக்கு வராது. ஓட்டிகளுக்கு அவர் நடத்திய வகுப்பில் சொன்னது: காரணம் முதலில், ஒரே சொல்லில். பிறகு பிந்துமா இல்லையா. அதற்கு மேல் வேண்டாம், நீளமாகப் பேசினால் கணினி குழம்பும்.

உச்சமுனைப் படகை ஓட்டியவர் சூசை. அந்தத் தீவின் நண்டை எங்கள் ஆலைக்காகக் கற்பிட்டி இறங்குதுறைக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம் அவருடையது. அவருடைய படகு ஓடினால்தான் அங்குள்ள வலைக்காரர்களின் நண்டு அன்றே விற்கும். ஓடாவிட்டால் எப்போதாவது வரும் இடைத்தரகரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். முன்பு சூசை, நானா என்று அண்ணன் முறை வைத்து, எனக்குப் பிந்தல் சொல்லும் விதமே ஒரு கதை. "நானா, முனையத் தாண்டினதுதான் தாமதம், கச்சான் தூக்கி எறியுது. ஒருத்தன் தண்ணி இறைக்கிறான், ஒருத்தன் மாதாவக் கூப்பிடுறான், நான் எஞ்சினப் பிடிச்சுக்கொண்டு உங்களோட கதைக்கிறன்." அப்படி நீட்டியவர், வகுப்புக்குப் போய்வந்த பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஆனி மாதம் முழுக்க அவருடைய குரல் செய்தி இவ்வளவுதான்: "கச்சான். பிந்தும்."

எங்கள் கரையில் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று, வறுத்துக் கடதாசிச் சுருளில் போட்டு விற்பது. மற்றது, வைகாசியில் தொடங்கித் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் அடிப்பது. உச்சமுனையிலிருந்து தெற்கே கற்பிட்டிக்கு வரும் படகுக்கு அந்தக் காற்று முகத்துக்கு நேரே. அக்குறணையில் கச்சான் என்றால் ஒன்றுதான்.

கணினிக்கும் ஒன்றுதான். அது ஆங்கிலத்தில் நிலக்கடலை என்று எழுதியது. நிலக்கடலை, பிந்தும். நிலக்கடலை, பிந்தும். கொழும்பில் யாரோ இதைப் பார்த்துக் கதிரையிலிருந்து எழுந்திருக்க வேண்டும். நண்டு வாங்கும் வெளிநாட்டுக்காரன் மற்ற எதையும் மன்னிப்பான், நிலக்கடலையை மன்னிக்கமாட்டான். அதற்கு ஒவ்வாமை உள்ள ஒருவர் அதன் தூள் பட்ட நண்டைச் சாப்பிட்டால் உயிர் போகலாம். ஆகவே கையேட்டின் தடுத்துவைத்தல் அதிகாரம் இயங்கத் தொடங்கியது. நான் எழுதியபடியே, ஒரு சொல் பிசகாமல். வாகனத்தை உடனே நிறுத்துவது. அது கொண்டுவந்த சரக்கைத் தனிக் குளிரறையில் சிவப்பு அட்டையோடு வைப்பது. படகின் தளத்திலும் பெட்டிகளிலும் பஞ்சால் ஒற்றி மாதிரி எடுத்துக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. பிறகு மீளாய்வுக் கூட்டம். சூசை யாருடையதோ நிலக்கடலை மூட்டைகளை நண்டுப் படகில் கள்ளமாக ஏற்றி இறக்குகிறார், அதனால்தான் பிந்துகிறார் என்று கொழும்பு முடிவு செய்திருந்தது. ஒப்பந்தத்தை முடித்து, உச்சமுனையையே நிலையங்களிலிருந்து நீக்கிவிடலாம் என்பது அவர்களுடைய யோசனை.

நிறுத்தல் உத்தரவு ஆங்கிலத்தில் எனக்கும் வந்தது. சூசை இப்படிச் செய்வார் என்று நினைக்கவில்லையே என்று நினைத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை வாயிற்காவலர் கூப்பிட்டார். "சேர், உச்சமுனை ஆக்கள். போகச் சொன்னாலும் போறாங்க இல்ல."

வாசலில் சூசையும் அவருடைய மனைவி பிலோமினாவும் நின்றார்கள். சூசை வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார், கோயிலுக்குப் போவதுபோல.

"நானா, என்ன செஞ்சிட்டம் நாங்க? எங்கட போட்ட நிப்பாட்டிட்டாங்க. போன்ல ஒரு பிள்ளை கேக்குது, நீங்க கச்சான் ஏத்தினீங்களாமே எண்டு."

"ஏத்தினீங்களா?"

"என்னத்த?"

"கச்சானத்தான்."

சூசை பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா என்னைப் பார்த்தார்.

"கச்சான ஆரு நானா ஏத்துறது?" என்றார் சூசை. "அது வந்து எங்களயெல்லோ ஏத்தி எறியுது."

"எல்லாரும் படிச்ச ஆக்கள்," என்றார் பிலோமினா, வாயிற்காவலரைப் பார்த்து. "இனி வாடைக் காத்துக்கும் வரி கட்டச் சொல்லுவாங்க."

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என்ன உணர்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பெருநாள் காலையில் கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. படித்த கணினி, கண்ணாடிக் கதவு, படத்தில் சிரித்த முகம், எல்லாம் ஒரு சொல்லில் தடக்கி விழுந்திருந்தது. அதுவும் என் ஊர்ச் சொல்லில். மீளாய்வுக் கூட்டம் அன்று பின்னேரம். கொழும்புக்காரர்களும் திரையில் வருவார்கள்.

"பின்னேரம் ஒரு கூட்டம் இருக்கு," என்றேன் அவர்களிடம். "முடிவு அதுலதான். போய் இருங்கோ."

"என்ன முடிவு வரும் நானா?" என்று கேட்டார் சூசை.

"கூட்டத்துக்கு முதல் சொல்ல ஏலாது," என்றேன்.

கூட்டம் குணசேகரவின் அறையில். தரக்கட்டுப்பாட்டு அலுவலர், நிஸ்தார், நான். சுவரிலிருந்த திரையில் கொழும்பு முகங்கள் இரண்டு. நிஸ்தார் செய்திகளை வரிசையாகக் காட்டினார். கடைசியில் அவர் சொன்ன வாக்கியத்துக்காகத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

"மெஷின் பிழையா மாத்தீக்குமோ எண்டு நான் தமிழ்லயும் போட்டுக் கேட்டேன். கச்சான் எண்டுதான் செல்லீக்கிறார். மெஷின்ல பிழையில்ல."

"நிஸ்தார்," என்றேன், "கச்சான் எண்டா என்ன?"

"ரட்டகஜு," என்று நிலக்கடலையைச் சிங்களத்தில் சொன்னார், குணசேகரவுக்கும் விளங்கட்டும் என்று.

"கற்பிட்டியில?"

"கற்பிட்டிலயும் அதுதானே. பஸ் ஸ்டாண்ட்ல விக்கிறாங்களே."

நான் குணசேகரவின் பக்கம் திரும்பினேன். "சேர், இப்ப வெளியில அடிக்கிறதுக்கு என்ன பேர்?"

குணசேகர யன்னல் வழியே பார்த்தார். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. பிறகு, "கச்சான் ஹுளங்," என்றார். ஹுளங் என்றால் காற்று. சிங்களவர்கள் கூட அந்தக் காற்றுக்கு எங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு இனித்தது. "மிஸ்டர் லத்தீப், கச்சான் எப்ப தொடங்கும்? உச்சமுனை போட்டுக்கு அது என்ன செய்யும்?" கேள்வி எனக்கு. கண் நிஸ்தார் மேல். இத்தனை வருட வேலையில் அந்தக் கதிரை ஒழுங்குக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும். ஆறுதலாக, ஒன்றும் விடாமல் பதில் சொன்னேன்.

சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் நிஸ்தார் தலையில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யா அல்லாஹ்," என்றார். "நான் காத்தயெல்லோ நிப்பாட்டி வச்சீக்கிறேன்."

தரக்கட்டுப்பாட்டு அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டார். குணசேகர அதைச் சிங்களத்தில் திரைக்குச் சொன்னார். கொழும்பு சிரித்தது. பிழை விட்டவர் சிரிக்க வைத்துவிட்டார். அதைச் சுட்டிக்காட்டியவன் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தேன். அதோடு விட்டாரா? கணினியைத் தன் பக்கம் இழுத்து, உச்சமுனைப் படகு போன தடங்களைத் திரையில் போட்டார். "இங்க பாருங்க. சாமான் ஏத்துற போட் எங்கயாவது நிக்கோணும். இது எங்கயும் நிக்கல்ல. முனைய விட்டு வெளிய வந்தோடன வேகம் மட்டும் குறையுது, பிந்தின எல்லா நாளும் அதே எடத்துல. களப்புக்குள்ளால காத்து மறைவுல வாற மத்தப் போட்டுகள் அந்த நாளெல்லாம் நேரத்துக்கு வந்தீக்கி. லத்தீப் செல்றது நூத்துக்கு நூறு சரி. எனக்குத் தெரியாமப் போன. அது என்ட பிழ."

நான் சொன்னது சரி என்பதை அவர் நிரூபித்தார். அதற்குப் பிறகு அது அவருடையதாகிவிட்டது.

ஆனாலும் கொழும்பு, ஆய்வுகூட முடிவு வரும்வரை சரக்கை விட முடியாது என்றது. அதற்குள் குளிரறையில் இருக்கும் நண்டு எதற்கும் உதவாமல் போகும், படகும் கட்டியபடி கிடக்கும். நான் விடுவித்தல் அதிகாரத்தின் கடைசிப் பந்தியைச் சொன்னேன்: சந்தேகம் எழுந்த காரணமே இல்லாமற் போனால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் முகாமையாளர் கையெழுத்துடன் விடுவிக்கலாம். தரக்கட்டுப்பாட்டு அலுவலர் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. குணசேகர கையெழுத்திட்டார். சிவப்பு அட்டை கழன்றது, படகும் விடப்பட்டது. அவற்றை விடுவித்தது அந்தப் பந்தி. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தத் தடங்களும் காற்றை நிப்பாட்டிய பகிடியும்.

அடுத்து நடந்தவற்றை நுஸ்ராவின் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிஸ்தார் தன் முறையில் காற்றுக்கு ஓர் இடம் சேர்த்தார். வாடை, கச்சான், சோளகம் என்று மீனவர்கள் சொல்லும் பெயர்களை, ஒவ்வொரு ஊரிலும் அவற்றுக்கு என்ன பொருள் என்பதோடு, கணினிக்குப் பழக்கினார். கச்சான் காலத்தில் உச்சமுனைப் படகு காற்று எழும்புமுன் புறப்படும்படி சேகரிப்பு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். சூரிய சக்தியில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று தீவிலேயே வைக்கப்பட்டது, படகு ஐஸைச் சுமந்துபோவது நின்றது. எரிபொருளும் ஐஸும் பழுதாகும் நண்டும் குறைந்தன. எல்லாம் உண்மை, எல்லாம் நல்லது. கொழும்பு அதற்குப் பரிசு கொடுத்தது. திட்டத்தின் பெயர் "கச்சான்". என் ஊரின் சொல், நான் கூட்டத்தில் எடுத்து வைத்த சொல், இப்போது அவருடைய கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. கூட்டத்துக்கு மறுநாள் நடந்தது.

சூசையிடம் தானே போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் நிஸ்தார். போனில் சொன்னால் போதாதாம். "மிஸ்டர் லத்தீப், நீங்க கூட்டிக்கொண்டு போங்க, அவருக்குக் கடல் தெரியாது," என்றார் குணசேகர. கற்பிட்டியிலிருந்து சூசையின் படகிலேயே போனோம். நிஸ்தார் வழியெல்லாம் வாந்தி எடுப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் வடக்கே போகும் படகைக் கச்சான் பின்னாலிருந்து தள்ளும். அவர் படகின் முன்னணியத்தில் குந்தியிருந்து, சுற்றுலா வந்தவரைப் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தக் காற்றும் அவருக்குத்தான் உதவியது.

பிலோமினா வீட்டு முற்றத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தார். தேநீர் வந்தது. கூடவே ஒரு தட்டு, நிறைய வறுத்த கச்சான்.

"சாப்பிடுங்கோ சேர்," என்றார் நிஸ்தாரிடம். "இதத்தான் நாங்க ஏத்தினது."

வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். நிஸ்தாரும் சிரித்தார். ஒரு கை அள்ளிக்கொண்டார்.

"அக்கே, நான் மலநாட்டான். எங்கட ஊர்ல காத்துக்குப் பேரே இல்ல. காத்து எண்டா காத்துதான். ஓங்கட புருசன் சரியாத்தான் செல்லீக்கிறார், எனக்குத்தான் வெளங்கல்ல. அவரக் கள்ளன் எண்டு எழுதினது நான். மாப்புத் தாங்க."

"தெரியாமத்தானே செஞ்சீங்க," என்றார் சூசை. "விடுங்க சேர்."

"தெரியாதவருக்கு என்னத்தச் சொல்றது," என்றார் பிலோமினா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நானா, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"நாங்க கேட்டடியில நிக்கேக்கயே உங்களுக்கு விளங்கிட்டு. முகத்துல தெரிஞ்சது. நீங்க கற்பிட்டியாள். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, இந்த மனுசன் பின்னேரம் வரைக்கும் சாப்பாடு தண்ணி இல்லாம அந்த வெயிலுக்க நிண்டிருக்க மாட்டார்."

சூசை, "சும்மா இரு," என்றார்.

"கூட்டம் முடியும்வரைக்கும் ஒண்டும் வெளியில சொல்லக்கூடாது எண்டு விதி இருக்கு," என்றேன். இருக்கிறது. மீளாய்வு அதிகாரம், இரண்டாம் பந்தி.

"விதிதான் நானா," என்றார் பிலோமினா. வேலியில் நின்றவர்கள் இம்முறை சிரிக்கவில்லை.

நிஸ்தார் கச்சான் கோதைக் கையிலிருந்து தட்டிவிட்டார். "அக்கே, அவருக்கு ஏச வாணாம். பிந்தினாச் செல்ற செய்தியெல்லாம் முந்தி அவருக்குத்தான் வந்த. நான்தான் அத என்ட பக்கம் திருப்பின. அவர்ட காதுல விழுந்தீந்தா இது முதல் நாளே முடிஞ்சீக்கும். அதும் என்ட பிழதான்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நானே அதைச் சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்திருந்தது. நான் சொல்லியிருந்தால் அது சாக்குப்போக்கு. அவர் சொன்னபோது பெருந்தன்மையாகிவிட்டது. அந்த முற்றத்தில் எனக்கென்று வந்தது ஒரேயொரு பிழை. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

பிலோமினா கேத்தலை எடுத்தார். நிஸ்தாரின் கோப்பையைக் கேட்காமலே நிரப்பினார். பிறகு என்னிடம், "உங்களுக்கும் வேணுமா நானா?" என்று கேட்டார்.